தண்டபாணி சாரின் விரல் வேகம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பில் அடிப்பவள் அமுதினி. ஒரு வாரமாக அவளுடைய லேப்டாப் நகரவே மாட்டேன் என்றது. கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் தண்டபாணி அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"மெஷின்ல ஒரு குறையும் இல்லைங்க. இந்தப் பொண்ணோட விரல்தான் மெதுவா ஓடுது" என்று மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் அவளை நாளையோடு வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்.

தரை துடைத்துக்கொண்டிருந்த சரசாத்தா நிமிர்ந்தாள். "நம்ம சார் விரல் ரொம்ப வேகமுங்க. அதே மெஷின்ல ஒரு பில் அடிச்சுக் காட்டினா, புள்ளை பார்த்துக் கத்துக்குமில்லீங்களா?"

உச்சி குளிர்ந்துபோய் தண்டபாணி உட்கார்ந்தார். பத்து நிமிஷமாகியும் பாதி பில்கூட வரவில்லை. வேர்த்துக் கொட்டியது. "இந்த மெஷின் சரியில்லைங்க" என்றார்.

மேனேஜர் செட்டிங்கைத் திறக்கச் சொன்னார். கரண்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று, பிராசஸர் கால்வாசி வேகத்துக்கு மேல் போகாதபடி போன வாரம் தண்டபாணியே மாற்றி வைத்திருந்தார். அதை எடுத்துவிட்டதும் அமுதினியின் பில்கள் மளமளவென்று வந்தன. மேனேஜர் அவளிடம் மன்னிப்புக் கேட்டார்.

அமுதினி எழுந்தாள். சரசாத்தாவைத் தன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, மிச்சத் தரையைத் தானே துடைத்தாள்.