செங்கோடனின் முற்றிய புல்

வேலிக்கு முள் உண்டு, பூட்டு இல்லை என்றிருந்த காலத்தில், ஓர் ஊரில் செங்கோடன் என்றொரு குடியானவன் இருந்தான். அவனுக்கு மூன்று பசுக்கள், ஒரு காளை, ஒரு புல்காடு.

கேளுங்கள், அந்த ஊரில் ஒரு வழக்கம். மார்கழியில் புல் அறுக்கும்போது முதல் பிடியை மனைவியின் அண்ணன்தான் அறுக்க வேண்டும். அவன் தொடாத காட்டில் வேறு யாரும் அரிவாள் வைக்க மாட்டார்கள்.

செங்கோடனின் மச்சான் நல்லண்ணன், பக்கத்துக் காட்டுக்காரன். ஒரு விருந்தில் பத்துப் பேர் நடுவில், "அது மாப்பிள்ளையோட காளையா? நான் கழுதைன்னு நெனச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டான். சொல்லலாமா? செங்கோடன் அவனை அழைக்கவில்லை. அழைக்காமல் அவனும் வரவில்லை. மார்கழி போயிற்று. தை போயிற்று. புல் இடுப்பளவு வளர்ந்து, முற்றி, விதை கொட்டி, விளக்குமாறுபோல் நின்றது.

செங்கோடன் பசுக்களை உள்ளே விட்டான். தண்டு மூக்கில் குத்தவே, மூன்றும் திரும்பி வந்து அவனையே பார்த்தன.

தீ வைக்கப் போனான். அவன் மனைவி பாவாயி பந்தத்தைப் பிடுங்கித் தொட்டித் தண்ணீரில் போட்டாள்.

"ஏனுங்க, காத்து எங்கண்ணன் பட்டிப் பக்கமா அடிக்குது. ஆடு என்னங்க பாவம் பண்ணுச்சு?"

மழை பெய்தால் புதுப்புல் வரும் என்று உட்கார்ந்தான். மாசியில் மழையும் பெய்தது. பழைய புல்லை விலக்கிப் பார்த்தால், அடியில் தளிர் வெயில் காணாமல் வெளுத்துக் கிடந்தது.

"மூணு நாள்ல பழசை எடுக்கலைன்னா இது அழுகிப்போகும்" என்றாள் பாவாயி. "கோடைக்கு மாட்டுக்கு எதைப் போடுவீங்க? உங்க வீம்பையா?"

செங்கோடன் மச்சான் வாசலுக்குப் போனான்.

"நான் உங்களோட பேச வரலை, மச்சான். உங்க அரிவாளைக் கூப்பிட வந்தேன்."

"அது தனியா நடக்காதுங்களே, மாப்பிள்ளை. நான் தூக்கிட்டு வர்றேன்."

நல்லண்ணன் முதல் பிடி அறுத்தான். ஊரே காட்டில் இறங்கியது. தளிர் வெட்டுப்படாமல் ஒரு சாண் விட்டு அறுத்தார்கள். அறுத்ததைத் தளிர்மேல் போடாமல் அன்றன்றே வெளியே சுமந்தார்கள். முற்றிய தண்டு மாட்டுக்கு ஆகாது, கூரைக்கு ஆகும். மாட்டுக் கொட்டகை முழுக்க வேய்ந்தும் மிச்சம் இருந்தது. மூன்று நாளும் மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டே அறுத்தார்கள்.

அறுத்து முடித்த எட்டாம் நாள் காடு பச்சைப் பசேலென்று ஆயிற்று. உள்ளே போன பசுக்கள் பொழுது சாயும்வரை தலை நிமிரவில்லை.

இருவரும் ராசியானார்களா என்று கேட்பீர்கள். இல்லை. பத்துப் பேர் நடுவில் சொன்ன சொல் அவ்வளவு சீக்கிரம் ஆறுமா? ஆனால் அடுத்த மார்கழி முதல் நாள் செங்கோடன் அழைக்கப் போனபோது, நல்லண்ணன் அரிவாளைத் தீட்டி வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

ஆகையால், மனிதர்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், பருவத்து வேலையை அதற்காகத் தள்ளிப்போடக் கூடாது.