கத்தரிப்பூவைத் திறந்த பாட்டு

வண்டுகளின் சிறகுக்கு ஓசையே இல்லாத அந்தக் காலத்தில், கத்தரிப்பூ வானத்தைப் பார்த்துத்தான் மலர்ந்துகொண்டிருந்தது. செடியும் பூச்சியும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசினார்கள். வண்டுகள் பூவுக்குப் பூ போவது பஞ்சு மிதந்து போவதுபோல் இருக்கும். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

ஒரு குன்றின் அடியில், சுனைக்குப் பக்கத்தில், செம்பாயி என்ற பெண் கத்தரித் தோட்டம் வைத்திருந்தாள். அவள் கணவன் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேற்கே மேய்ச்சலுக்குப் போயிருந்தான். மழை வந்தால்தான் திரும்புவான். மூன்று மாதக் குழந்தை அல்லிதான் அவளுக்குத் துணை. வீட்டில் கம்பு தீர்ந்துபோயிருந்தது. காய்க்கப்போகும் கத்தரியை நம்பித்தான் நாட்கள் ஓடின.

ஒரு காலையில் எங்கிருந்தோ செவ்வெறும்புகள் வந்தன. தண்டு தெரியாமல் மொய்த்து ஏறின. திறந்து கிடந்த பூக்களிலிருந்து மகரந்தத்தை ஒரு துகள் விடாமல் வழித்துக்கொண்டு இறங்கிப் போயின. பூக்கள் அன்று மாலையே வாடி உதிர்ந்தன.

மறுநாள் மலர்ந்த பூக்கள் பயந்தபடியே மலர்ந்தன. தலையைத் தரைக்குக் கவிழ்த்துக்கொண்டன. மகரந்தப் பொன் தூளை நடுவில் இருந்த ஐந்து மஞ்சள் விரல்களுக்குள் அடைத்து, விரல்களைச் சேர்த்து இறுக்கிக்கொண்டன.

வழக்கமாக வரும் கருவண்டு வந்தது.

“அக்கா, கொஞ்சம் திறயேன்.”

“போ, போ. வந்தவர்கள் எல்லாம் வாரிக்கொண்டு போனது போதும்.”

ஐந்து நாள், ஆறு நாள் ஆயிற்று. பூக்கள் மலர்ந்தன, உதிர்ந்தன. ஒரு பிஞ்சுகூடப் பிடிக்கவில்லை. செம்பாயி சுனையோரத்துக் கீரையை அவித்துத் தின்றாள். அவளுக்குப் பால் குறைந்தது. அல்லி பசியில் அழ ஆரம்பித்தாள்.

செம்பாயி செடியின் முன் குந்தி உட்கார்ந்தாள்.

“என்ன கண்ணு, என் மேல் கோபமா? இன்னும் நாலு நாள் பார்ப்பேன். அப்புறம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊர் போகத்தான் வேண்டும். உனக்குத் தண்ணீர் ஊற்ற யார் இருப்பார்கள்?”

பூ மெல்லச் சொன்னது:

“உன் மேல் என்ன கோபம் ஆத்தா? நேற்றே திறந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. விரலை எப்படிப் பிரிப்பது என்பதே எனக்கு மறந்துபோயிற்று.”

செம்பாயி செடியை ஒருமுறை தடவிக்கொடுத்துவிட்டு எழுந்தாள்.

அன்று நடுப்பகல். வெயிலில் குன்று கானலாக அசைந்தது. இலைகள் கண்மூடிக் கிடந்தன. அல்லி வீறிட்டு அழுதாள். இரண்டு கைகளையும் முஷ்டியாக மடக்கிக்கொண்டு, முகம் சிவக்க அழுதாள். செம்பாயி அவளை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு செடிகளுக்கு நடுவே நடந்தாள். பாட அவளுக்குத் தெம்பு இல்லை. வாயை மூடியபடியே ஒரு ராகத்தை இழுத்தாள். “ம்ம்ம்ம்...”

அழுகை விசும்பலாயிற்று, விசும்பல் மூச்சாயிற்று. அல்லியின் முஷ்டி ஒவ்வொரு விரலாகப் பிரிந்து, உள்ளங்கை வெயிலில் விரிந்தது.

ஒரு பூவில் தொங்கிக்கொண்டிருந்த கருவண்டு அதைப் பார்த்தது.

“ஆத்தா, வாயைத் திறக்காமல் எப்படிப் பாடுகிறாய்?”

“பாட்டு எங்கே? நெஞ்சு நடுங்குகிறது, அவ்வளவுதான். வந்து உட்கார்ந்து பார்.”

வண்டு அவள் கழுத்தடியில் வந்து உட்கார்ந்தது. செம்பாயி மறுபடியும் முனகினாள். அந்த அதிர்வு வண்டின் ஆறு கால்களிலும் ஏறி, உடம்பெல்லாம் பரவியது. அது கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு பூவுக்குத் திரும்பியது. தலைகீழாகத் தொங்கியபடி, மூடிய ஐந்து விரல்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. சிறகை மடக்கி, மூச்சைப் பிடித்து, நெஞ்சை நடுக்கியது. ஒன்றும் வரவில்லை. மறுபடியும் முயன்றது. உடம்பு நொறுங்கிவிடும்போல் வலித்தது. பிடியை விடவில்லை.

மூன்றாம் முறை, “ஙொய்...” என்று ஓர் ஓசை எழுந்தது. உலகத்தில் ஒரு வண்டு எழுப்பிய முதல் ரீங்காரம் அது. தோட்டம் முழுவதும் காது கொடுத்தது.

“யார் பாடுவது?” என்று தூக்கக் கலக்கத்தில் கேட்பதுபோல் கேட்டது பூ.

“நான்தான் அக்கா. பயப்படாதே.”

பூ சிலிர்த்தது. ஐந்து விரல்களின் நுனியிலும் ஊசித்துளை அளவுக்கு வழி திறந்தது. பொன் தூள் பொழிந்து வண்டின் கரிய வயிற்றை மூடியது.

“வேண்டியதை எடுத்துக்கொள். பக்கத்துச் செடிக்கும் கொண்டு போ,” என்றது பூ.

அந்தப் பகல் முழுவதும் வண்டு பூவுக்குப் பூ போய் அணைத்துக்கொண்டு பாடியது. நான்காம் நாள் காலையில் செம்பாயி மூட்டையைக் கட்டி, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கடைசியாக ஒரு முறை பார்க்கலாமென்று தோட்டத்துக்கு வந்தாள். வாடிய பூவின் அடியில் மிளகளவு பச்சைப் பிஞ்சு ஒன்று இருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மூட்டையை அவிழ்த்து, தண்ணீர்க் குடத்தை எடுத்தாள்.

அன்று முதல்தான் கத்தரிப்பூ தலையைக் கவிழ்த்தபடியே மலர்கிறது. தேடி வந்து சும்மா தொட்டுப் பார்ப்பவர்களை அது வெறுங்கையோடு அனுப்பிவிடும். கருவண்டு வந்து கட்டிக்கொண்டு பாடினால் மட்டும், பூ தன்னிடம் உள்ளதையெல்லாம் கொட்டிக் கொடுத்துவிடுகிறது.