பாலக்காட்டுக் காத்தை இழுத்த ஹெட்

என் ஹெட்டுல கை வெச்சவர் இந்தச் சந்துக்குள்ளதான் நிக்கறார். பேர் சொல்ல மாட்டேன். சொன்னா ஆயுத பூஜை அன்னைக்குச் சண்டை இழுத்தான் கிட்டுசாமின்னு ஆகிப்போகும். அலுமினியத்துக்கு வெல்டிங் வெக்கற ஆளு இந்தச் சந்துல ஒரே ஒருத்தர்தான். அவர் இப்பத்தான் கறுப்புக் கண்ணாடியை நெத்தியில இருந்து கண்ணுக்கு எறக்கிக்கிட்டார். அதை மட்டும் எல்லாரும் பாத்துக்குங்க.

சங்கத் தலைவர் மாரப்பண்ணன் அந்தத் தேங்காயைக் கொஞ்சம் கீழ வெக்கணும். அதை ஒடைக்கற ஆளு இன்னும் முடிவாகலைங்க. வருசா வருசம் அவங்கவங்க செஞ்ச நல்ல வேலையை இந்தப் பலகை மேல வெப்போம். எது ஒசத்தியோ அந்த ஆளு முதல் தேங்காய் ஒடைக்கணும். ஒடைச்சவன் பட்டறைக்குத்தான் அடுத்த பூஜை வரைக்கும் கூட்டம். பதினாறு வருசமா நான் கைதட்டற வரிசையிலேயே நிக்கறேன். இந்த வருசம் லேத்து ஆறுச்சாமி ஒரு கிரைண்டர் ஷாஃப்ட்டைக் கொண்டாந்து வெச்சிருக்கான். மாவாட்டற சாமானுங்க அது. அதுக்குத் தேங்காய், என் ஹெட்டுக்கு வேடிக்கையா?

ஹெட்டுன்னா என்னன்னு பூஜைக்கு வந்த சொந்தக்காரங்களுக்கும் சொல்லிர்றேன். எஞ்சினுக்கு அதுதான் மூக்கு. காத்து அது வழியாப் போனாத்தான் பெட்ரோல் எரியும். கம்பெனிக்காரன் அந்த வழியைக் குறுக்கி, கரடுமுரடா வார்த்து, ஜலதோஷம் புடிச்ச மூக்கு மாதிரி அனுப்பி வெக்கறான். நான் அதை உள்ளார கொடைஞ்சு பெருசு பண்ணி, வழவழன்னு தீட்டி, மூடித் தொறக்கற வால்வையும் பெருசாப் போடுவேன். இதுக்கு எந்தக் காலேஜுக்கும் நான் போனதில்லை. ஒவ்வொரு ஹெட்டா ஒடைச்சு, ஒவ்வொருத்தர்கிட்டயும் திட்டு வாங்கிப் படிச்சேன்.

என் பழைய பெட்ரோல் வேனோட ஹெட்டை ஒன்பது நாள் கொடைஞ்சேன். அளவு பாக்கக் கருவியெல்லாம் கிடையாது; விரலை உள்ள விட்டுத் தடவுவேன், அப்புறம் காதை வெச்சுக் கேப்பேன். ஆறாம் நாளே எஞ்சின் இல்லாம, ஹெட்டு மட்டும் மேசை மேல ஒக்காந்துக்கிட்டுத் தானா மூச்சு விட்டுது. வால்வு வாங்க உக்கடத்துல பழைய இரும்புக் கடைக்குப் போனேன். லாரி வால்வைக் கையில எடுத்தேன். இது வேனுக்குச் சேராதுங்கண்ணான்னு கடைக்காரன் சொன்னான். சேராத சாமானுக்கு எதுக்குய்யா வெலை சொல்றேன்னு ஒரு மணி நேரம் நின்னு பேசினேன். கடைசியில அவன் வால்வையும் குடுத்து, டீயும் வாங்கிக் குடுத்து, கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வெச்சான். அதைக் கடைஞ்சு உள்ள போட்டேன். அதுவும் பக்கத்துல இருந்த பழைய வால்வும், டவுன் பஸ் சீட்டுல மூணு பேர் ஒக்காந்த மாதிரி தோளோட தோள் ஒரசிக்கிட்டு நின்னுதுங்க.

முதல் தடவை ஸ்டார்ட் பண்ணினப்ப டீக்கடை தங்கமணியக்கா மேசையில இருந்த பேப்பர் பறந்து வந்து வேன் மூக்குல ஒட்டிக்கிச்சு. அதுகூடப் பெருசில்லைங்க. டீ கிளாஸ்ல இருந்து மேல போன ஆவி பூராவும் திரும்பி, வரிசை கட்டி எஞ்சினுக்குள்ள போச்சு. சந்துல அன்னைக்கு அத்தனை பேரும் ஆறின டீதான் குடிச்சாங்க. வேணும்னா அக்காவையே கேளுங்க.

"அன்னைக்கு கேஸ் தீந்துபோச்சு கிட்டு," அப்படிங்கறாங்க அக்கா. கேஸை இழுத்தது யாருன்னு அவங்களுக்கு இன்னும் வெளங்கலை.

சந்துல ஓட்டினா ஆபத்துன்னு வாளையார் ரோட்டுல எடுத்தேன். எட்டிமடை தாண்டறப்ப முன்னால ஒரு பஸ் போச்சு. நான் ஆக்ஸிலேட்டரைச் சும்மா செருப்பு நுனியிலதான் தொட்டேன். பஸ்ஸு பின்னால வர ஆரம்பிச்சுது. டிரைவர் பாவம் முன்னாடி கியர்தான் போட்டிருந்தார். ஏறின ஜனங்க அத்தனையும் ஏறின ஸ்டாப்புலயே எறங்க வேண்டியதாப்போச்சு. இப்ப டிக்கெட்டை வாங்கறதா, குடுக்கறதான்னு தெரியாம கண்டக்டர் பையைத் தொறந்துக்கிட்டே நின்னார்.

பாலக்காட்டுக் கணவாயில வர்ற மேக்காத்து உங்களுக்கே தெரியும். அது பூரா என் வேனுக்குள்ள போயிருச்சு. உடுமலைப் பக்கம் கரண்ட்டு எடுக்கற காத்தாடிக்கு மிச்சமில்லை. முதல்ல நின்னுதுங்க, அப்புறம் ரிவர்ஸ்ல சுத்துச்சுங்க. பல்லடத்துல வீட்டு ஃபேனெல்லாம் மேல பாத்து இழுத்ததுல, மத்தியானம் தூங்கினவங்க பாய்ல இருந்து ஒரு சாண் மேல எழும்பி நின்னாங்க. நான் பிரேக் போட்டப்பதான் கீழ எறங்கினாங்க. சிரிக்கறவங்க சிரிங்க. எங்க பெரிய மச்சான் பல்லடத்துலதான் இருக்கார், அவர் எறங்கறப்ப கட்டில் கால்ல முட்டின வீக்கம் இன்னும் இருக்குது.

இதெல்லாம் விடுங்க. வேனுக்குப் பின்னால என்ன வந்துச்சு தெரியுங்களா? மேகம். வெள்ளை வெளேர்னு, பஞ்சு மூட்டை மாதிரி. இழுத்த காத்துல இருந்த ஈரத்தையெல்லாம் புழிஞ்சு பொகைக்குழாய் வழியா வெளிய விட்டுது எஞ்சின். மதுக்கரைக்குத் திரும்பி வர்றப்ப மூணு மேகம் என் பின்னாலயே வந்துச்சு. வழியில செக்போஸ்ட்டுல நிறுத்தின ஆபீசர், வண்டியில என்ன சரக்குன்னு கேட்டார். காத்துன்னேன். அது சரி, பின்னால வர்ற மூணுக்கும் பில் எங்கன்னு கேட்டார். நான் பதில் சொல்றதுக்குள்ள மூணும் அவர் நோட்டு மேலயே பேஞ்சு முடிச்சிருச்சு.

அந்தப் பயணம் பூரா பெட்ரோல் முள்ளு அசையலைங்க. தண்ணிதான் குடிச்சுது. மைலுக்கு ஒரு கொடம்.

காலையில இதை நான் சொல்றப்பத்தான் இந்த ஆறுச்சாமி நடுவுல பூந்தான். தண்ணியை எங்க ஊத்துனீங்கண்ணான்னு ரொம்பப் பணிவாக் கேட்டான். ரேடியேட்டர்லன்னு சொன்னேன். அவன் கிரைண்டர் ஷாஃப்ட்டைத் துண்டால தொடைச்சுக்கிட்டே, சரிங்கண்ணா, மேல சொல்லுங்கன்னுட்டான். அந்தச் சிரிப்பை நான் கவனிக்காம இல்லை.

போன புதன்கிழமை ஹெட்டைக் கழட்டி, தொடைச்சு, சந்தனப் பொட்டு வெச்சு, இதே பலகையில வெச்சுட்டு தாராபுரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். ரெண்டு நாள் கழிச்சு வந்தேன். ஹெட்டு வெச்ச எடத்துலயே இருந்துது. பொட்டு மட்டும் கொஞ்சம் கலைஞ்சிருந்துது. எலின்னு நெனைச்சேன். விரலை விட்டுத் தடவாம வண்டியில மாட்டினேன் பாருங்க, அது என் தப்பு. பதினாறு வருசத்துல நான் விரல் விடாம மாட்டின ஒரே ஹெட்டு.

இன்னைக்குக் காலையில என்ன நடந்துச்சுன்னு நீங்களே பாத்தீங்க. அத்தனை பேர் முன்னாலயும் எஞ்சின் மூக்குக்கு நேரா ஒரு தட்டுப் பொரியை வெச்சு ஸ்டார்ட் பண்ணினேன். இந்தப் பொரி ஒண்ணு மிச்சமிருந்தாலும் தேங்காய் ஆறுச்சாமிக்குன்னு நானேதான் வாய்விட்டுச் சொன்னேன். மேகம் இல்லை. பொகைகூட இல்லை. வேன் தங்கமணியக்கா வீட்டுத் தையல் மிஷின் மாதிரி அமைதியா ஓடுச்சு. ஒரே ஒரு பொரி நகர்ந்துது. அது மாரப்பண்ணன் தும்மினதுல நகர்ந்ததுன்னு எல்லாரும் சாட்சி சொல்லிட்டீங்க.

எனக்கு வந்த கோவத்துல கார்புரேட்டரை அங்கயே கழட்டி ஹெட்டுக்குள்ள விரலை விட்டேன். ரெண்டாவது வழியில, உள்ளார திரும்பற எடத்துல, ஒரு முண்டு. வெல்டிங் வெச்ச முண்டு. அரம் போட்டு நைஸா வேற தேச்சு வெச்சிருக்குது. அங்கதான் முன்ன என் சுண்டுவிரல் போற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்துது.

அப்பத்தான் ஆறுச்சாமி வாயைத் தொறந்தான். "அண்ணா, அது கைதவறிக் கொடைஞ்சு, பின்னால தண்ணி போற எடம் வரைக்கும் பொத்துக்கிட்ட ஓட்டை. ரேடியேட்டர் தண்ணி அதுல பூந்து ஆவியாத்தான் வெளிய வந்துச்சு. உங்க மூணு மேகமும் அதுதானுங்க."

சந்து பூரா சிரிச்சுது. தங்கமணியக்கா கரண்டியைக் கீழ வெச்சுட்டுச் சிரிச்சாங்க.

டேய் ஆறுச்சாமி, கை தவறினது வாஸ்தவம். ஆனா என் கை தவறினாலும் சரியான எடத்துலதான் தவறும். ஒன்பது நாள்ல நான் கொடைஞ்ச அத்தனையிலயும் அந்த ஓட்டைதான் வேலை. ஓட்டை இருந்த வரைக்கும் பல்லடத்து ஜனங்க பாய்க்கு மேல மெதந்தாங்க. அடைச்சதுக்கப்புறம் ஒரு பொரி தானா நகரலை. இதுக்கு மேல என்னடா ருசு வேணும்?

வெல்டிங்காரரே, நீங்க வாயைத் தொறந்து இப்ப ஒண்ணு சொன்னீங்க, நல்லாவே கேட்டுது. "தாராபுரத்துல இருந்து வந்தவுடனே இந்த வண்டியை எடுத்துக்கிட்டு நடுரோட்டுல நிப்பீங்களேன்னு பரிதாபப்பட்டு அடைச்சேனுங்க. காசுகூடக் கேக்கலை." அப்படித்தான சொன்னீங்க? உங்க பரிதாபத்துல ஒரு ஊருக்கு மழை போச்சு, எனக்குத் தேங்காய் போச்சு.

மாரப்பண்ணன் தேங்காயை மறுபடியும் கையில எடுத்துட்டார். சூடம் பாதி எரிஞ்சிருச்சு. ஆறுச்சாமி சட்டைக் கையை மடக்கறான். எனக்குப் புது ஹெட்டு வேண்டாம், வருத்தம் தெரிவிக்கவும் வேண்டாம். கண்ணாடியைக் கழட்டிட்டு முன்னால வாங்க. டிரில் மிஷின் நான் தர்றேன். அந்தச் சூடம் அணையறதுக்குள்ள, இருந்த எடத்துலயே, இருந்த அளவுலயே, என் ஓட்டையை எனக்குத் திருப்பிப் போட்டுக் குடுத்துருங்க.