ஏகாம்பரம் மண்டபத்தில் ஒரு கல்யாணம்

அந்த ஐப்பசி மழையில் பாலத்தடியில் தண்ணீர் ஏறிவிட்டது. அங்கே குடியிருந்த குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு தெருவில் நனைந்தன. கோயில் குருக்கள், பள்ளிவாசல் அஜரத், சர்ச் பாதிரியார் மூவரும் சேர்ந்து ஏகாம்பரத்தின் கல்யாண மண்டபத்தைக் கேட்கப் போனார்கள்.

"ஏழைகளுக்கு இலவசம்னு வாசல்ல போர்டே வச்சிருக்கேன். ஆனா கல்யாணத்துக்கு மட்டும்தான். படுத்துக்கிடக்க இல்ல," என்றார் ஏகாம்பரம்.

மூவரும் கிளம்பத் திரும்பினார்கள். அங்கே பாத்திரம் தேய்க்கும் செல்லக்கிளிக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"கல்யாணம்தான் முதலாளி. பாலத்தடி வேம்புலியும் தெய்வானையும் தாலி கட்டாமலே குடும்பம் நடத்துறாங்க. நாளைக்குக் காலையில முகூர்த்தம்."

"அப்ப நாளைக்கு வரச் சொல்லு."

"பொண்ணழைப்பு இன்னிக்குச் சாயங்காலம்தானுங்களே? சொந்தக்காரங்களும் வந்துருவாங்க. பாலத்தடி மொத்தமும் சொந்தம்."

பெரியவர்கள் மூவரும் ஏகாம்பரத்தையே பார்த்தார்கள். அவர் சாவியைக் கொடுத்தார்.

சர்ச்சிலிருந்து புடவையும் பாய்களும் வந்தன. மறுநாள் காலையில் குருக்கள் மந்திரம் சொல்ல, வேம்புலி தாலி கட்டினான். எல்லாரும் பள்ளிவாசல் பிரியாணியை வயிறாரச் சாப்பிட்டார்கள். செல்லக்கிளியைப் புகழாதவர் இல்லை.

சாப்பாடு முடிந்ததும் ஏகாம்பரம் வந்தார். "நல்ல நேரம் போகுதே. பொண்ணை மாப்பிள்ளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் விளக்கேத்த வைக்கலையா?"

கேலியில்லை. எல்லாக் கல்யாணத்திலும் அவர் கேட்பதுதான். இத்தனை கல்யாணம் பார்த்த செல்லக்கிளி இதை எப்படித்தான் மறந்தாளோ!

வெளியே மழை விடவில்லை; பாலத்தடியில் தண்ணீரும் வடியவில்லை. தெய்வானை கழுத்து மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.