ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சீட்டு

கடைசியில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். அதனால் போகிற வழியில் நான் சொல்கிற சின்னச் சின்னச் சங்கதியைக்கூடச் சிந்தாமல் மடியில் கட்டிக்கொண்டே வாருங்கள்.

ஆரணியில் ஏழாம் வகுப்பு படிக்கிறவள் இளவேனி. வகுப்புத் தலைவி. அவள் பள்ளிக்கூடத்தில் இரண்டு தண்ணீர்க் குழாய். ஒன்று எப்போதும் பூட்டியே கிடக்கும். மற்றதன் அடியில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, யார் முந்தி யார் பிந்தி என்று சொல்வது இளவேனியின் வேலை. சண்டை வராமல் செய்வாள். நல்ல பெயர் அவளுக்கு.

ஒருநாள் பழைய சாமான்கள் வைத்த பொருட்காட்சிக்கு எல்லோரையும் கூட்டிப்போனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பழுத்துப்போன ஒரு தாள்துண்டு இருந்தது. கண்ணாடி ஓரத்தில் விரல் போகிற சந்து. இளவேனி விரலை விட்டுத் தொட்டாள்.

தொட்டதும் பொருட்காட்சியைக் காணோம். நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால், கடலுக்கு அந்தப் பக்கம், தென்னாப்பிரிக்காவில் நேட்டால் என்கிற சீமையில், நம்மூர் ஆட்களைக் கப்பலேற்றிக் கூலிகளாகக் கொண்டுபோய் வைத்திருந்த ஒரு கரும்புத் தோட்டத்து வாசலில் நிற்கிறாள். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. அவள் யூனிபாரத்தைப் பார்த்து அங்கே யாரும் ஆச்சரியப்படவில்லை. தோலைப் பார்த்த பிறகு துணியைப் பார்க்க அந்த ஊரில் யாருக்கும் நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் காலை. வாசலில் மேசை போட்டுத் தோட்டத்துத் துரை உட்கார்ந்திருந்தார். முழங்கைக்குக் கீழே செங்கல் தடிமனுக்கு ஒரு சீட்டுப் புத்தகம். அதிலிருந்து ஒரே ஒரு தாளைக் கிழித்துக் கையெழுத்துப் போட்டார். இளவேனி தொட்ட அதே தாள், புத்தம் புதுசாக.

பக்கத்தில் நின்ற மேஸ்திரி காத்தமுத்து கேட்டான். "ஏ புள்ள, எழுத்து தெரியுமா?"

"தெரியும்."

அவன் துரை காதில் ஏதோ சொன்னான். துரை சிரித்துக்கொண்டே தாளையும் பென்சிலையும் அவளிடம் நீட்டினார்.

"வாரத்துக்கு ஒரு சீட்டு. துரை வழக்கம்" என்றான் காத்தமுத்து. "'ஒரு கூலி வெளியே போய்ப் பொழுது சாய்வதற்குள் வரலாம்'னு எழுதியிருக்கு. யாரோட நம்பர்னு நீயே போட்டுக் குடு. உங்காளுங்களுக்கு நீயே நாயம் சொல்லு."

சீட்டில்லாமல் வாசலைத் தாண்டினால் ஜெயில். அந்த நேரம் துரைசானி தன் நாயோடு வாசலைத் தாண்டிப் போனார். அவரையும் கேட்கவில்லை, நாயையும் கேட்கவில்லை.

மேசைக்கு முன்னால் மூன்று கூலிப் பெண்கள், கழுத்தில் நம்பர் தகடோடு நின்றார்கள். இளவேனி பழக்கத்தில் சொன்னாள். "வரிசையா நில்லுங்க. ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

நின்றார்கள்.

முதலில் குப்பாயி. புருஷனை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பத்து நாளாகிறது. தாங்கமாட்டான் என்று வண்டிக்காரன் சொல்லிவிட்டான். அவள் கையில் ஒரு வேட்டி மடித்து வைத்திருந்தாள். "பொழைச்சிருந்தா கட்டிக்கட்டும். இல்லன்னா போத்திடலாம்" என்றாள். சந்தைக்குப் போவதைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

அடுத்தவள் வீராயி. கப்பலை விட்டு இறங்கினபோது தலையெண்ணிப் பிரித்ததில் எட்டு வயசு மகள் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டாள். அந்தத் தோட்டத்து ஆட்களை இன்று மத்தியானம் ரயிலேற்றி இன்னும் தூரமாக அனுப்புகிறார்கள். ஸ்டேஷனில் பார்த்தால் உண்டு.

மூன்றாவது செங்கம்மா. திரும்பி நின்று முதுகைக் காட்டினாள். நேற்று விழுந்த சாட்டை, வரி வரியாக. கூலிகளின் குறை கேட்க டவுனில் ஓர் அதிகாரி உண்டு. ஆனால் துரை மேல் பிராது கொடுக்கவும் துரையின் சீட்டு வேண்டும்.

"உன் முதுகு அடுத்த வாரமும் உன்கிட்டதான்டி இருக்கும்" என்றாள் வீராயி.

"முதுகு இருக்கும். காயம் இருக்குமா? ஆறிட்டா, துரை தடவிக்குடுத்தாருன்னுதான் அந்த அதிகாரி எழுதுவான்."

"ஒருத்தன் சாகக் கெடக்கான், ரெண்டு பேரும் வாயாடுறீங்களே" என்றாள் குப்பாயி.

மூவரும் பேச்சை நிறுத்திவிட்டு இளவேனியைப் பார்த்தார்கள். யாரும் அழவில்லை. இளவேனிக்கும் அழுகை வரவில்லை. சீட்டு கையை விட்டுப் போனால்தான் தானும் வீடு திரும்ப முடியும் என்று அவளுக்கு ஏனோ தெரிந்தது. துரைக்கு டீ வந்தது.

இப்போது சொல்லுங்கள் கண்ணுகளா. சாகிற புருஷன், பிரிகிற மகள், ஆறப்போகிற காயம். அந்தச் சீட்டை யாருக்குக் கொடுத்தால் சரி?

யோசித்தாயிற்றா? நான் பதிலைச் சொல்கிறேன். நீங்கள் யார் பெயரைச் சொல்லியிருந்தாலும் துரைக்குச் சந்தோஷம்தான். மூவர் கேட்டதும் சரி. மடியில் கட்டச் சொன்னேனே, அவிழ்த்துப் பாருங்கள்: செங்கல் தடிமனுக்குப் புத்தகம், அதில் ஒரே தாள் கிழிந்தது, சீட்டில்லாமல் போன நாய். "ஏன் ஒன்று?" என்று யாரும் கேட்கவில்லை, இளவேனியும் கேட்கவில்லை. அவள் குப்பாயியின் நம்பரைப் போட்டுக் கொடுத்தாள். தாள் கைமாறி அந்த ஊர் மறைவதற்குள் ஒன்றைப் பார்த்தாள். வீராயியும் செங்கம்மாவும் முறைத்தது அவளைத்தான். துரையை ஒருத்தியும் பார்க்கவில்லை. அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் மணி அடித்தது. "வரிசை நிறுத்தும்மா" என்றார் டீச்சர். இளவேனி நிறுத்தவில்லை. அந்த இன்னொரு குழாயை யார் பூட்டினது என்று கேட்டாள்.