இரைப்பை இல்லாத மீன்

இந்தக் கதையில் சீடருக்கு அறுபத்திரண்டு வயது, குருவுக்கு நாற்பது. ஒரு காலத்தில் வைத்திலிங்கம் சார் கரும்பலகையில் கணக்குப் போட, முன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டவள்தான் மங்கையர்க்கரசி. இப்போது அவள் மீன் தீவன ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். சார் ஓய்வு பெற்று, ஒரத்தநாட்டுப் பக்கம் தனக்கும் தம்பிக்கும் பொதுவான நிலத்தில் குளம் வெட்டி ரோகு மீன் வளர்க்கிறார்.

வளர்க்கிறார் என்று பேர்தான். மீன் வளரவில்லை.

தம்பி அம்பலவாணன் சொல்லிவிட்டான்: "தைக்குள்ள மீன் தேறலைன்னா குளத்தைத் தூர்த்துட்டுத் தென்னை வச்சிருவேன்." அவன் சொன்னால் செய்கிறவன். சாருக்கோ அந்தக் குளம்தான் உயிர். காலையில் கரையில் நின்று நாலு மீன் துள்ளுவதைப் பார்த்தால்தான் அவருக்குக் காப்பி இறங்கும்.

முதல் தடவை போய்க் கேட்டபோது அரசி, "என்ன போடுறீங்க சார்?" என்றாள்.

"கடலைப் புண்ணாக்கும் தவிடும்."

"அதுல லைசின் பத்தாது. அது ஒரு அமினோ அமிலம். உடம்பு வைக்கணும்னா அமினோ அமிலம் அத்தனையும் வேணும். ஒண்ணு குறைஞ்சாலும் மத்தது இருந்தும் ஒட்டாது."

சார் லைசின் பொடி வாங்கித் தீவனத்தின் மேல் தூவி, காலையில் ஒரே வேளையாகக் கொட்டினார். மீன் அப்படியே இருந்தது.

மறுபடி போனார். மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலமும் குறைவுதான் என்றாள். அதையும் தூவினார். பிறகு யாரையும் கேட்காமல், தன் சொந்த யோசனையில், இரண்டையும் இருமடங்காக்கினார். தண்ணீர் பச்சைப் பசேலென்று ஆனது. விடியற்காலையில் மீன்கள் மூச்சுக்கு மேலே வந்து வாயைப் பிளந்தன.

சாருக்குத் தலை கிறுகிறுத்தது. வாழ்நாளெல்லாம் கூட்டல் சொல்லிக்கொடுத்தவர். கூட்டக் கூட்டக் குறைகிற ஒன்றை அவர் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நேராக அரசி வீட்டுக்கே போய்விட்டார்.

"எல்லாம் போட்டாச்சும்மா. இன்னும் எது குறையுதுன்னு மட்டும் சொல்லிடு."

"சாப்பிட்டுப் பேசலாம் சார். ஒரே ஒரு நிபந்தனை. இலையில விழுந்ததை உடனே சாப்பிட்டுடணும். அடுத்தது வரட்டும்னு காத்திருக்கக் கூடாது."

இதென்ன புது வழக்கம் என்று சாருக்குப் புரியவில்லை. சரி என்றார்.

அரசி இலை போட்டு, சாம்பாரை ஊற்றினாள். சோறு இல்லை. மறந்துவிட்டாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தார். வந்த இடத்தில் குறை சொல்வது மரியாதையா? சாம்பார் இலையைத் தாண்டி மேசைக்கு ஓடியது. ஓடியது போக, கையில் அகப்பட்டதை வழித்துக் குடித்தார்.

வெகு நேரம் கழித்துச் சோறு வந்தது. வெறும் சோறு. தொண்டையை அடைக்க அடைக்க விழுங்கினார். இலை காலியானதும் ஒரு சிட்டிகை உப்பு வைத்தாள். அதையும் நாக்கில் போட்டுக்கொண்டார். எந்தப் பரீட்சையிலாவது இவளுக்கு மார்க்கைக் குறைத்துவிட்டோமா என்றுகூட யோசித்துப் பார்த்தார்.

"சாப்பாட்டுல என்ன குறை சார்?"

"குறை ஒண்ணும் இல்லம்மா."

"நிஜமா?"

"எல்லாம்தான் வந்துச்சே. ஆனா..." சார் இலையைப் பார்த்தார். "சேர்ந்து வரலை."

"ரோகுவுக்கு இரைப்பை கிடையாது சார்."

"என்னது?"

"கெண்டை இனத்துக்கே கிடையாது. நேரா குடல்தான். வந்ததை வச்சிக்கிட்டு, அடுத்தது வரட்டும்னு நிறுத்த அதுக்கு இடமில்லை. நீங்க தூவுன பொடியில பாதி தண்ணியில கரைஞ்சு பாசிக்குப் போகுது. மீதி உள்ள போனதும் சட்டுனு ரத்தத்துல ஏறிடும். புண்ணாக்கு செரிச்சு வர்றதுக்குள்ள அது வீணாப் போயிருக்கும்."

"அப்ப நான் என்ன பண்ண?"

"தண்ணி தெளியட்டும். அப்புறம் பழைய அளவே போதும். பொடியைத் தூவாம, மரவள்ளி மாவுக் கூழ்ல எல்லாத்தையும் ஒண்ணாப் பிசைஞ்சு உருட்டிக் கொடுங்க. ஒரே வேளையா கொட்டாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா, பல தடவை."

சார் தலையாட்டினார். பாதி புரிந்த மாதிரி இருந்தது. அரசி வேறு இலை போட்டு, சோறும் சாம்பாரும் பொரியலுமாகப் பரிமாறினாள்.

"தைக்குள்ள தேறிடுமாம்மா?"

"தேறாது சார். தேற ஆரம்பிக்கும்."

பிசைந்த கை நின்றுவிட்டது. "அப்ப குளம் போச்சு," என்றார். சொல்லும்போதே கண் கலங்கியது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"தம்பிகிட்ட இன்னும் கொஞ்ச நாள் தவணை கேளுங்களேன்."

"அவனா கொடுப்பான்? வலையில வந்த முதல் மீனை அவன் வீட்டுக்குத்தான் அனுப்பினேன். கரை முழுக்க நீயே வாழை வச்சுக்கடான்னேன். இந்த நிலத்துக்குப் பதிலா என் பங்குத் தோப்பை எடுத்துக்கன்னேன். எதுவும் ஒட்டலை."

"அவர் என்னதான் சொல்றார்?"

"'வெட்டுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா'ங்கிறான். எப்பப் பார்த்தாலும் அதையேதான்."

"கேட்டீங்களா?"

சார் பொரியலை இலையோரம் ஒதுக்கினார்.

"இல்ல. இப்பப் போய்க் கேட்டு என்ன ஆகப்போகுது? குளம் வெட்டி ரெண்டு வருஷம் ஆச்சு. நீதானே இப்ப சொன்ன, சேர்ந்து வராதது பின்னால வந்தா வீணுன்னு?"

அரசி அவர் இலையில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினாள்.

"அது மீனுக்கு சார். உங்க தம்பி அந்த ஒரு வார்த்தை வரட்டும்னு இத்தனை நாளா உள்ளயே வச்சிக்கிட்டுத்தானே இருக்கார்."