வேலிக்குள் சிக்கிய விஷ்ணுகிரந்தி

ஒரு காட்டில், சரியாகச் சொன்னால் காடு முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில், விஷ்ணுகிரந்திச் செடி ஒன்று தரையோடு படர்ந்திருந்தது. அதன் நீலப் பூ சட்டைப் பொத்தான் அளவுதான். குனியாதவர் கண்ணில் படாது.

ஒருநாள் கரடி குனிந்துவிட்டது. கரடி நல்லதுதான், யாரையும் கேட்காமல் நல்லது செய்யும், அதுதான் தொல்லை.

"இவ்வளவு அழகை மான்கள் மிதிக்கின்றனவே. இனி நீ என் பாதுகாப்பில் இருக்கிறாய்" என்றது.

"நான் எதுவும் கேட்கவில்லையே, கரடியாரே."

"சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?"

இலந்தை முள்ளை இழுத்து வந்து சுற்றிலும் வேலி போட்டது கரடி. அந்தப் பக்கம் மேயக் கூடாது என்று மான்களுக்கு உத்தரவும் போட்டது.

மழை பெய்தது. மான்கள் வாய் வைக்காத புல், வேலிக்குள் கரடியின் மார்பளவு வளர்ந்தது. செடியின் மேல் வெயில் படவில்லை. இலைகள் வெளுத்தன, மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. விதை விழாவிட்டால் அடுத்த மழைக்கு அதன் வம்சமே இருக்காது.

"மூச்சு முட்டுகிறது, கரடியாரே. வேலியை எடுங்கள்."

"பார், எவ்வளவு பசுமை" என்று புல்லைத் தடவிப் பூரித்தது கரடி. "வேலி இருக்கட்டும்."

இனிக் கெஞ்சுவதில்லை என்று செடி முடிவு செய்தது. கரடி தேனடை தேடிப் போன நேரத்தில், முறுக்குக் கொம்பு மான் ஒன்றைக் கூப்பிட்டது.

"இந்த வெளியிலேயே கொழுத்த புல் இங்கேதான் இருக்கிறது. முள்ளுக்குப் பயமா?"

"முள்ளுக்கு இல்லை, கரடிக்கு. அதோடு, மேயும்போது என் வாய்க்குப் புல் எது, பூ எது என்று தெரியாது. உன்னையும் சேர்த்துத் தின்றுவிடுவேன்."

"தின்னு. நுனி போனால் துளிர்ப்பேன். குளம்படியில் பிழைத்த குடும்பம் எங்களுடையது. இந்தக் கரிசனத்தில்தான் சாகிறோம்."

மானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொம்பால் முள்ளை நெம்பித் தள்ளி உள்ளே போனது. கூட்டமும் பின்னால் வந்தது. மாலைக்குள் புல் தரைமட்டம்.

திரும்பி வந்த கரடி தலையில் கை வைத்துக்கொண்டது. "உன் கிளைகளில் மூன்றைக் காணோமே. யார் செய்த வேலை இது?"

"நான்தான் கூப்பிட்டேன். போனது என் கிளை. நானே அழவில்லை, நீங்கள் ஏன் அழுகிறீர்கள்?"

"மறுபடியும் வேலி போடுவேன்."

"போடுங்கள். மறுபடியும் கூப்பிடுவேன்."

மான்கள் நகராமல் நின்றன. கரடி முனகிக்கொண்டே போய்விட்டது.

பத்தாம் நாள் காலை, ஒரு குளம்புத் தடத்துக்குள் நீலப் பூ விரிந்திருந்தது. கரடி வந்து குனிந்து பார்த்தது. பழக்கதோஷம், அதன் கை முள்ளைத் தேடி எடுத்தது.

"வேண்டாம்" என்றது செடி.

கரடி முள்ளைக் கீழே போட்டது.

நீதி: காக்க வருகிறவர், காக்கப்படுகிறவரை முதலில் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.